பிடரி நாயகி

எங்கள் லாண்டரிக்குக் கீழே இருந்த நிலவறையில் ஓடிய படங்களைப் பற்றி இப்போது ஆளாளுக்குப் புத்தகம் எழுதுகிறார்கள். எழுதட்டும். ஒரே படம் ஒரு நாள் சோகமாகவும் இன்னொரு நாள் சிரிப்பாகவும் இருந்தது ஏன் என்று அவர்கள் பக்கம் பக்கமாக விளக்குவதைப் படித்தால் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. காரணம் பெல்ட்.

புரொஜெக்டரை வாங்கும்போதே அதன் மோட்டார் செத்துப்போயிருந்தது. ஆகவே மேலே ஓடும் பெரிய சலவை இயந்திரத்தின் சக்கரத்திலிருந்து, தரையில் ஒரு ஓட்டை போட்டு, நீளமான பெல்ட் ஒன்றைக் கீழே இறக்கி மாட்டியிருந்தேன். மேலே கைக்குட்டை சுழன்றால் கீழே படம் பறக்கும். கம்பளி சுழன்றால் படம் ஊரும். ஒரு சவ ஊர்வலப் படத்தைத் தெரியாமல் கைக்குட்டையோடு ஓட்டிவிட்டோம். பார்த்தவர்களில் ஒருவர் சிரித்துச் சிரித்து விலா எலும்பு இடம் மாறிப் படுத்துவிட்டார். மறுவாரம் அதே படத்தைக் கம்பளியோடு ஓட்டினேன். விம்மி விம்மி அழுததில் எலும்பு பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. வைத்தியச் செலவு மிச்சம்.

காட்சிகள் மத்தியானத்தில்தான். அனுமதி வாங்காத படத்தைக் காட்டுவது அப்போது குற்றம். மேலே இயந்திரம் கர்ஜிக்கும் நேரத்தில் கீழே புரொஜெக்டர் கடகடப்பது தெருவுக்குக் கேட்காது. திரை, யாரோ ஒரு வாடிக்கையாளரின் இரட்டைக் கட்டில் விரிப்பு. வாராவாரம் வேறு வேறு. ஒரு தடவை பூப்போட்ட விரிப்பு வந்துவிட்டது. அன்றைய படத்தில் சிறைக்கைதியின் முகமெல்லாம் ரோஜா. அதைப் பாராட்டி ஒரு கட்டுரை வந்தது.

படம் எடுத்தவர் என் தங்கையின் கணவர். டைரக்டர் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். வீட்டில் மட்டும் என் தங்கை கூப்பிடுவது வேறு விதம், அதை இங்கே எழுத முடியாது. அவருடைய படங்கள் எல்லாம் இருட்டில் முடியும். கடைசியில் நெடுநேரம் திரையில் ஒன்றுமே இருக்காது. வெறும் கறுப்பு பிலிம் ஓடிக்கொண்டிருக்கும். படம் முடிந்ததா, பல்பு போனதா என்று யாருக்கும் தெரியாது. நான் விளக்கைப் போடும்வரை கைதட்டுவதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். ஒரு தடவை நான் மறந்து மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அத்தனை பேரும் இருட்டில் பயபக்தியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த இடத்துக்குத்தான் சீமாட்டி வந்தாள்.

ஊரில் அவளைத் தெரியாதவர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் படப் பக்கத்தில் அவள் சிரிக்காத வாரம் இல்லை. புதுக் கடையா, பாலமா, பல் ஆஸ்பத்திரியா, ரிப்பனை வெட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். வெட்டி வெட்டி அவள் விரலில் கத்திரிக்கோல் தழும்பே விழுந்திருந்தது. குடும்பத்துக்கே கத்திரி ராசி. அவளுடைய அண்ணன்தான் படத் தணிக்கை ஆபீஸின் தலைமை அதிகாரி. ஊரில் அவர் பெயர் கத்திரி.

முதலில் அவள் வந்தது சண்டைக்கு. கவுனில் முத்துப் பொத்தான் ஒன்று காணாமல் போயிருந்தது. என் தங்கையிடம் அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கோபமாகத் திரும்பி வாசலைப் பார்த்து நின்றாள். நிலவறையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த டைரக்டர் படியிலேயே நின்றுவிட்டார்.

"அப்படியே நில்லுங்க. திரும்பாதீங்க."

"ஏன்?"

"உங்க முகம் வேண்டாம். முகத்தை ஊரே பார்த்தாச்சு. உங்க பிடரி இன்னும் பொய் சொல்லப் பழகல."

வேறு யாராவது சொல்லியிருந்தால் செருப்பு பறந்திருக்கும். அவள் நெடுநேரம் திரும்பவே இல்லை. அப்புறம் வாசலைப் பார்த்தபடியே, "எப்ப வரணும்?" என்று கேட்டாள்.

அதிலிருந்து டைரக்டரின் எல்லாப் படங்களிலும் அவள்தான். முகம் வராது. பிடரி மட்டும். நிலவறைக் கூட்டம் அந்தப் பிடரியின்மேல் பைத்தியமானது. ஓவியர்கள் வரைந்தார்கள். கவிஞர் ஒருவர் அதற்கு அறுபது பாட்டு எழுதினார். பாதி பாட்டைக் கேட்பவர்களுக்கு முதுகைக் காட்டித்தான் படிக்க வேண்டுமாம். நாகரிகப் பெண்கள் எங்கள் லாண்டரிக்கு வரும்போது பின்பக்கமாக நடந்து வரத் தொடங்கினார்கள். ஆனால் அது யாருடைய பிடரி என்று எங்கள் நான்கு பேருக்கு மட்டுமே தெரியும். படம் ஓடும்போது சீமாட்டி ஒரு வேலைக்காரியின் மேலங்கியும் தலைத்துணியுமாக மூலையில் நின்று, தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"முகம் இல்லாதவரைக்கும் ஆபத்து இல்லை மச்சான்" என்பார் டைரக்டர். "அவங்க அண்ணனே வந்து உட்கார்ந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

அவளை வைத்து எடுத்ததில் ஒன்று பின்னல் படம். அதில் நடப்பது இவ்வளவுதான். ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய நீளமான பின்னல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது. அவள் கைதான் பிரிக்கிறது. முழுதும் பிரிந்ததும் இருட்டு. அதை எடுத்த பிலிம் நெகட்டிவ் இல்லாத வகை. காமிராவில் ஓடிய சுருளையே கழுவி அப்படியே திரையில் ஓட்டலாம், மலிவு. ஆனால் பிரதி கிடையாது. அந்த ஒரு சுருள் போனால் படம் போச்சு.

முதல் காட்சிக்கு முன்னால் சீமாட்டி அந்தச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மேடம், குழந்தை மாதிரி வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"பத்திரிகையில வர்ற அந்தப் பொம்பளையை எனக்கே பிடிக்காது முதலாளி. நான்னு சொல்லிக்க இது ஒண்ணுதான் இருக்கு. பத்திரமா ஓட்டுங்க."

ஓட்டினேன். பின்னல் பிரியத் தொடங்கிய சமயம், மேலிருந்து துணி தள்ளும் குழாய் வழியாக ஒற்றைச் சாக்ஸ் ஒன்று வந்து தரையில் விழுந்தது.

அது என் தங்கைக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு. ஜோடியாக விழுந்தால் துணி. ஒற்றையாக விழுந்தால் அரசாங்கம்.

விளக்கின் மேல் மூடியைத் தள்ளிவிட்டு, பெல்ட்டைக் கழற்றினேன். அடுத்த கணம் ஒரு ஓவியர் வாளியில் கையை விட்டார். கவிஞர் யாருடையதோ தலையணை உறையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அவர் மடித்த மடிப்பை இன்றுவரை யாராலும் பிரிக்க முடியவில்லை. சீமாட்டி மட்டும் அசையவில்லை. மேலே என் தங்கையின் குரல் கேட்டது.

"ரசீது இல்லாம துணி தர மாட்டோம் சார்."

"நான் துணிக்கு வரலம்மா." மெல்லிய, சலிப்பில்லாத குரல்.

சீமாட்டியின் முகம் வெளுத்துவிட்டது. நாங்கள் எந்தச் சோப்பிலும் அப்படி வெளுத்ததில்லை.

"அண்ணன்" என்றாள்.

"வரட்டுமே" என்று டைரக்டர் கிசுகிசுத்தார். "படத்துல உங்க முகமே இல்லையே."

"ஐயோ, உங்களுக்குத் தெரியாது. எங்கம்மா போனப்ப எனக்கு நாலு வயசு. அதுக்கப்புறம் நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் தினம் காலையில எனக்குத் தலை பின்னி விட்டது யாருன்னு நினைக்கிறீங்க? என் முகத்தை மறந்தாலும் மறப்பார். இதை மறக்க மாட்டார்."

  உலகத்திலேயே ஒரே ஒரு மனிதருக்கு மட்டும் அடையாளம் தெரியக்கூடிய இடத்தைத் தேடிப் பிடித்து, மறைப்பதாக நினைத்துப் படம் பிடித்து வைத்திருக்கிறார் என் தங்கை கணவர்.

படியில் பூட்ஸ் சத்தம். சீமாட்டி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓட வேறு வழி இல்லாமல், திரைக்குப் பின்னால் போய் நின்றாள். விரிப்பு தரையைத் தொடவில்லை. கீழே ஒரு சாண் இடைவெளி. ஈரத் தரையில் இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. நான் அவசரமாக ஒரு கூடையை இழுத்து முன்னால் வைத்தேன். ஒரு கால்தான் மறைந்தது.

கத்திரி இறங்கி வந்தார். கக்கத்தில் செய்தித்தாள், கையில் ஒரு தகரப் பெட்டி. கைப்பற்றிய சுருள்கள் அந்தப் பெட்டியில்தான் போகும். ஆபீஸ் கொல்லையில் அதற்கென்றே ஒரு அடுப்பு உண்டு. ஆனால் அநியாயம் சொல்லக்கூடாது, நேர்மையான மனிதர். முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம்வரை தானே உட்கார்ந்து பார்க்காத எந்தப் படத்தையும் அவர் எரித்தது கிடையாது. விதி அப்படி. வெறும் கம்பெனி முத்திரை மட்டும் உள்ள சுருளைக்கூட, வேறு ஏதாவது இருக்குமோ என்று தலைகீழாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டு எரித்தவர்.

தரையில் கிடந்த சாக்ஸை எடுத்தார். "இதுக்கு ஜோடி எங்க?"

"தேடிக்கிட்டிருக்கோம் சார்."

"இத்தனை பேருமா?"

கவிஞர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"நல்லது. தேடுறது அப்புறம். படத்தைப் போடுங்க. முதல்லேருந்து." பெஞ்சு ஈரமாக இருந்ததால் செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். தகரப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்தார். அதன் வாய் திறந்தே இருந்தது.

சுருளை மறுபடி சுற்றி மாட்டினேன். கழற்றிய பெல்ட்டைப் போட்டு, விளக்கின் மூடியை விலக்கினேன். ஓடி முடிந்த பிலிமைச் சுற்றிக்கொள்ள வேண்டிய கீழ் ரீல் எங்களிடம் இல்லை. பிலிம் நேராகத் துணிக்கூடைக்குள் இறங்கும். அதன் தலைப்பை மட்டும், சிக்கு விழாமல் இருக்க, கூடை விளிம்பில் துணிக் கிளிப்பால் மாட்டிவைப்பேன். அன்றும் மாட்டினேன்.

திரையில் பிடரி வந்தது.

கத்திரி அசையவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்து விழுந்து நகர்ந்தது. அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. இரும்பில் எழுதினால்கூட இதைவிடத் தெளிவாக இருக்கும். விரிப்பின் பின்னால் யாரோ மூச்சை அடக்குவது எனக்குக் கேட்டது. விரிப்பு ஒரு சுண்டு விரல் அளவு உள்ளே போய் வெளியே வந்தது. திரையில் இருந்த பிடரியும் அதோடு மூச்சு விட்டது.

குழாய் வழியாக மேலிருந்து குரல் வந்தது. "அண்ணே, கைக்குட்டை முடிஞ்சுது. கம்பளி போடவா?"

குழாயின் வாயைக் கையால் பொத்தினேன்.

"யாரது?" என்றார் கத்திரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என் தங்கச்சி சார்."

"தங்கச்சியா." சொல்லிப் பார்த்துக்கொண்டார். "கம்பளி எதுக்கு?"

மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. பெல்ட் விஷயத்தைச் சொன்னேன். கம்பளி போட்டால் படம் மெதுவாக ஓடும், ரொம்பப் போட்டால் இயந்திரம் நின்று, பிலிம் விளக்குச் சூட்டில் உருகிவிடும் என்று எல்லாவற்றையும்.

"இப்ப எப்படி ஓடுதோ அப்படியே ஓடட்டும்" என்றார்.

பின்னல் பிரிய ஆரம்பித்தது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். அவர் வலது கை முழங்காலின்மேல் இருந்தது. கையின் விரல்கள் அசைந்தன. ஒன்றின்மேல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று. மூன்று கால் எடுத்துப் பின்னுகிற கணக்கு. திரையில் ஒரு கண்ணி அவிழ அவிழ, இங்கே இவர் விரல்கள் ஒரு கண்ணி போட்டன. தான் செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அது யாருடைய பிடரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இனி என்ன செய்வார்?

டைரக்டரின் தோளைத் தொட்டேன். அவரும் அந்த விரல்களைப் பார்த்துவிட்டிருந்தார். தகரப் பெட்டியின் திறந்த வாயையும் பார்த்தார். கத்திரி விதியை மீறிய மனிதர் இல்லை. சொந்த அப்பா சைக்கிளில் விளக்கில்லாமல் வந்தபோது அபராதம் எழுதிக்கொடுத்து, அப்பாவிடமே கையெழுத்து வாங்கியவர்.

கடைசிக் கண்ணி அவிழ்ந்தது. கூந்தல் விரிந்தது. இருட்டு வந்தது.

டைரக்டரின் நீண்ட, கறுத்த, ஒன்றுமே இல்லாத முடிவு. அதை நான் எத்தனையோ தடவை சபித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த இருட்டு ஓடி முடிந்தால் படம் முழுதும் பார்த்ததாக ஆகிவிடும். அப்புறம் பெட்டி, அடுப்பு. முழுதும் பார்க்காத படத்தை எரிக்க விதி இல்லை என்ற ஒன்றுதான் அப்போது என் மண்டையில் ஓடியது. மேல் ரீலிலிருந்து கறுப்பு பிலிமின் வால் கழன்று தொங்கியது. கூடை விளிம்பில் கிளிப்பில் தலைப்பு இருந்தது. இரண்டையும் இழுத்து, இருட்டில் தடவித் தடவி, ஒட்டு நாடாவை வாயால் கடித்துக் கிழித்து, வாலைத் தலையோடு ஒட்டினேன். ஒட்டு புரொஜெக்டருக்குள் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டேன். கூடையில் குவிந்து கிடக்கும் பிலிமின் அடியிலிருந்து இழுத்தால் சிக்கு விழும் என்பார்கள். விழவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால்? பிலிமைத்தான் கேட்க வேண்டும்.

திரையில் மறுபடி பின்னல் வந்தது. முழுப் பின்னல், பிரிய ஆரம்பிக்காத பின்னல்.

கத்திரியின் தலை சற்றே நிமிர்ந்தது.

அப்போதுதான் அந்த மகா கலைஞர் எழுந்து நின்றார்.

"இது என் படத்துல கிடையாது!" என்றார் டைரக்டர்.

அத்தனை நேரம் பயத்தில் வாயடைத்துக் கிடந்த மனிதர். தன் இருட்டுக்குப் பின்னால் யாரோ எதையோ ஒட்டிவிட்டார்கள் என்றதும் ஜெயில், அடுப்பு, மனைவி எல்லாம் மறந்துபோய்விட்டது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பொத்தான்தான் கையோடு வந்தது.

"என்ன கிடையாது?" கத்திரி மெல்லத் திரும்பினார். "படம் முடிஞ்சுதா, முடியலையா? எடுத்தவர் நீங்க. நீங்களே சொல்லுங்க."

 'முடிந்தது' என்று ஒரு வார்த்தை போதும். டைரக்டரின் வாய் அந்த வார்த்தைக்கு ஏற்றபடி குவிவதை நான் பார்த்தேன். அவருடைய படம் இருட்டில் முடிகிற படம். இருட்டுக்கு அப்புறம் வெளிச்சம் வருகிறது என்று தன் வாயால் சொல்வதைவிட நாக்கை அறுத்துக்கொள்வார்.

அவர் கண் திரைக்குக் கீழே போனது. ஈரத் தரையில் அந்த ஒற்றைக் கால் இருந்தது. குளிரில் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. பெருவிரல் இன்னொரு விரலின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"முடியல சார்" என்றார். பல்லைப் பிடுங்கினாற்போல வந்தது. "இது... அடுத்த பாகம்."

"உட்காருங்க. மறைக்குது."

கத்திரி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னல் மறுபடி பிரிந்தது. அதே கை, அதே கண்ணி, அதே இடத்தில் அதே தூசி. கண் தெரியாதவருக்குக்கூடப் புரிந்திருக்கும்.  அவர் விரல்கள் முழங்காலில் பின்னிக்கொண்டிருந்தன. கூந்தல் பாதி அவிழ்ந்த சமயம், தலையைத் திருப்பாமலே கேட்டார்:

"கம்பளி இருக்கா?"

"சார்?"

"உங்க தங்கச்சிகிட்ட போடச் சொல்லுங்க. நின்னுடாத அளவுக்கு."

குழாயில் வாயை வைத்துச் சொன்னேன். மேலே இயந்திரம் முனகியது. பெல்ட் இழுபட்டது. திரையில் அந்தக் கை மெதுவாக, மிக மெதுவாக, ஒரு கண்ணியைத் தூக்கி இன்னொரு கண்ணியிலிருந்து எடுத்தது. பிலிம் உருகும் வாசனை வருகிறதா என்று நான் மூக்கை விரித்தபடி நின்றேன். வரவில்லை.  இருட்டு வந்தது, போனது. பின்னல் வந்தது.

தெருவில் ஆபீஸ்கள் விடும் சங்கு ஊதியது. கத்திரி எழுந்தார். தகரப் பெட்டியை மூடினார். அந்தச் சத்தத்தில் கவிஞர் தலையணை உறையைக் கீழே போட்டார்.

"பணி நேரம் முடிஞ்சுது. படம் முடியல. முழுசாப் பார்க்காத படத்தை நான் எடுத்துக்கிட்டுப் போக முடியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து மிச்சத்தைப் பார்ப்பேன். அதுவரைக்கும் இந்தச் சுருள் இங்கதான் இருக்கணும். ஒரு கீறல் விழுந்தாலும் உங்களைத்தான் கேட்பேன்."

"சரிங்க சார்."

டைரக்டரைப் பார்த்தார். "பின்னினது யாரு?"

"நான்தான் சார். படப்பிடிப்புக்கு முன்னால."

"பார்த்தாலே தெரியுது. வகிடு கோணல். பின்னல் கழுத்தோட ஒட்டி ஆரம்பிக்கணும். இது தொங்குது." கொஞ்சம் தயங்கி, "அழுத்திப் பின்னினா அவளுக்குத் தலை வலிக்கும். அதுக்குன்னு இவ்வளவு தளர்த்தியாவா?" என்றார்.

யாருக்குத் தலை வலிக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

பெஞ்சிலிருந்த செய்தித்தாளை எடுத்தார். நாலாக மடித்தார். நேரே திரைக்குப் போய், முழங்கால் சொடுக்குகிற சத்தம் கேட்கக் குனிந்து, நான் வைத்த கூடையை ஒரு பக்கமாக நகர்த்தி, அந்தத் தாளை விரிப்புக்கு அடியில், ஈரத் தரையில் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். அப்புறம் பெட்டியை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிவிட்டார்.

விரிப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள், முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று, தாளின்மேல் ஏறி நின்றுகொண்டன. நான் கிளிப்புகளை எண்ணுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். ஆபீஸ் கோப்பில் அந்தப் படம் 'பார்வையில் உள்ளது' என்றே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டுமானால் தான் முதலில் முழுதாகப் பார்த்திருக்க வேண்டுமாம். இப்போது உட்கார மெத்தை கொண்டுவருகிறார். சீமாட்டி ரிப்பன் வெட்டுவதை விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் அவருக்கு முன் பெஞ்சில், முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் பார்க்கிறாள். தலை நரைத்துவிட்டது. ஆனால் வகிடு நூல் பிடித்தாற்போல நேராக இருக்கும், பின்னல் கழுத்தோடு ஒட்டியிருக்கும். யார் பின்னிவிடுகிறார்கள் என்று என் தங்கை ஒருநாள் கேட்டதற்கு, "படத்தைப் பாரு" என்றாள்.

என் ஒட்டு இன்னும் பிரியவில்லை. டைரக்டர் மட்டும் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நம்பாதவர்கள் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து பார்க்கலாம். வரும்போது அழுக்குக் கம்பளி இருந்தால் கொண்டு வாருங்கள்.